ஒரு துளி நீர்

தறியிலிருந்து இறங்கிய பருத்தித் துணியின்மீது ஒரு துளி நீரை விட்டால் அஃது உள்ளே இறங்குவதில்லை. சேம்பிலையில் விழுந்த மழைத்துளிபோலத் திரண்டு நிற்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமமொன்றிற் சேலைகளுக்கும் படுக்கை விரிப்புகளுக்கும் சாயமேற்றிப் பிழைத்த மூதாட்டி ஒருவருக்கு இத்துளியே அளவுகோலாக இருந்தது. துளி நின்றால் துணி சாயத்துக்கு ஆயத்தமாகவில்லை. துளி மறைந்தால் ஆயத்தமாகிவிட்டது. நாற்பது ஆண்டுகளாக அவர் வேறெந்தச் சோதனையையும் நாடியதில்லை.

துளி நிற்பதற்குக் காரணம் உண்டு. பருத்தியிழையின் பெரும்பகுதி செலுலோசு. செலுலோசு நீரை விரும்பி ஏற்கும் இயல்புடையது. ஆயின் இழையின் வெளித்தோலில் மெழுகும், அம்மெழுகைச் சாந்துபோற் பிடித்துவைத்திருக்கும் பெக்ரினும், சிறிது புரதமும் உள்ளன. வளருங் காலத்தில் இழையைக் காத்த இக்கவசமே பின்னர் சாயத்துக்குத் தடையாகின்றது. போதாததற்கு, நெய்யும்போது பாவுநூல் அறாதிருக்க நெசவாளர் கஞ்சிப்பசையும் ஏற்றிவிடுகின்றனர்.

இத்தடைகளை நீக்க மூதாட்டி கைக்கொண்ட முறை கடுமையானது. முதல்நாள் இரவு துணியை நீரில் ஊறவைப்பார். மறுநாள் புளித்த மணத்தோடு அதனை அலசி, எரிசோடாக் கரைசலில் இட்டு, பனைமட்டை எரித்துப் பல மணிநேரம் அவிப்பார். பின்னர் வெளிற்றுந்தூள் கரைத்த நீரில் தோய்ப்பார். துணி பால்போல் வெளுக்கும். அவருடைய விரல்களின் தோலோ ஆண்டுக்கு ஆண்டு வெடித்தது. அவித்த நீர் வளவின் பின்புறத்தில் ஊற்றப்பட்டது. அங்கிருந்து இருபது முழத் தொலைவிற் குடிநீர்க் கிணறு இருந்தது.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. மக்கள் குடிப்பதும் பயிருக்கு இறைப்பதும் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளில் தங்கிய மழைநீரையே. ஆதலால் நிலத்தில் ஊற்றியது எதுவோ அதுவே கிணற்றுக்குத் திரும்புகின்றது. கொங்குநாட்டுத் திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலாற்றிற் கலந்து, கீழ்ப்பகுதி வயல்களைக் கெடுத்தது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாய ஆலைகளை மூடும்படி பணித்தது. அங்கே கழிவைச் சுமந்து சென்று ஊரறியக் காட்டுதற்கு ஆறொன்று இருந்தது. இங்கே கிணற்றுக்குள் நடப்பதைக் காட்டுவார் எவருமில்லை.

ஆடைத் தொழிற்சாலையொன்றின் சாயப்பகுதியில் வேலைபார்த்த மகன் விடுமுறைக்கு வந்தபோது இரண்டு சிறு போத்தல்களைக் கொண்டுவந்தான். ஒன்றில் அமிலேசு, மற்றையதிற் பெக்ரினேசு. இரண்டும் நொதியங்கள். நொதியம் ஒவ்வொன்றும் தனக்குரிய பொருளை மட்டுமே வெட்டும். அமிலேசு கஞ்சியின் மாப்பொருளை நீரிற் கரையும் சிறு துண்டுகளாக்கும். பெக்ரினேசு மெழுகைப் பிடித்திருக்கும் சாந்தைச் சிதைக்கும். பிடியிழந்த மெழுகு பின்னர் சவர்க்காரம் கலந்த சுடுநீரில் உருகி வெளியேறும். இழையின் உடலாகிய செலுலோசை இவை தீண்டுவதில்லை. எரிசோடாவுக்கு இத்தகைய தெரிவு இல்லை. காற்றுப்பட அவித்தால் அஃது இழையையே வலுவிழக்கச் செய்யும்.

மகன் கொண்டுவந்தது முற்றிலும் புதியதன்று என்பதே வியப்புக்குரியது. இரவு ஊறிய துணியில் எழுந்த புளித்த மணம், நீரிலுள்ள நுண்ணுயிர்கள் தம் நொதியங்களாற் கஞ்சியை உண்டதன் அடையாளமே. தாய் பெயரறியாது செய்துவந்ததை அறிவியல் பெயரிட்டுப் போத்தலில் அடைத்தது. 1833 இல் பிரான்சில் பாயன், பெர்சோ என்னும் இருவர் முளைத்த பார்லியிலிருந்து மாப்பொருளைச் சிதைக்கும் பொருளைப் பிரித்தெடுத்தனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நெசவாலைகள் கஞ்சி நீக்க அமிலேசைப் பயன்படுத்தலாயின. பெக்ரினேசு ஆலைக்கு வந்தது அதற்கு வெகுகாலத்தின் பின்னரே.

முதல்நாட் சோதனை தோற்றது. மகன் கடைக்குப் போயிருந்த வேளையில், கொதியாத நீரில் அழுக்குப் போகுமா என்று ஐயுற்ற தாய் அடுப்பில் மேலும் இரண்டு மட்டைகளை வைத்துவிட்டார். பெக்ரினேசு புரதம், அவன் கொண்டுவந்த வகை 55 பாகை செல்சியசளவில் நன்கு தொழிற்படுவது. கொதிநீரில் அது முட்டையின் வெண்கருபோல் உருக்குலைந்து செயலிழந்தது. துணியில் விட்ட துளி அசையாது நின்றது. தாய் ஒன்றும் பேசாமல் எரிசோடாத் தகரத்தை எடுத்துவந்து அடுப்பருகே வைத்தார். அம்மௌனத்தில் நாற்பதாண்டு அனுபவத்தின் தீர்ப்பு இருந்தது.

மறுநாள் மகன் வெப்பமானியோடு அடுப்பருகே அமர்ந்தான். ஒரு மணிநேரத்தின் பின் துணியைச் சுடுநீரில் அலசிப் பிழிந்து உலர்த்தினான். தாய் தாமே துளியை விட்டார். அது விழுந்த கணத்திலேயே மறைந்தது. மீண்டும் ஓரிடத்தில் விட்டார், அதுவும் மறைந்தது. ஆயினும் அவர் முகம் மலரவில்லை. துணி இளம்பழுப்பாகவே இருந்தது. விதைக்கோதின் கரும்புள்ளிகளும் ஆங்காங்கே தெரிந்தன.

“வெள்ளையா வரேல்லையே, தம்பி.”

“இதுக்குக் கடுஞ்சிவப்புத்தானே அம்மா ஏத்தப் போறியள்? பிறகேன் பால் மாதிரி வெளுக்க வேணும்?”

அவ்வினாவுக்கு அவரிடம் விடை இருக்கவில்லை. வெளுத்த துணியே சுத்தமான துணி என்பது அவர் மட்டும் கொண்ட எண்ணமன்று. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் துணியைக் காரநீரில் அவித்து, புளித்த பாலில் ஊறவைத்து, மாதக்கணக்கிற் புல்வெளியில் விரித்து வெளுத்தனர். 1756 இல் எடின்பரோவின் பிரான்சிஸ் ஹோம் புளித்த பாலுக்குப் பதிலாக ஐதான சல்பூரிக் அமிலத்தை முன்மொழிந்தார். 1785 இல் பெர்தொலே குளோரீனின் வெளிற்றும் ஆற்றலைக் காட்டினார். 1799 இல் சாள்ஸ் ரெனன்ற் வெளிற்றுந்தூளுக்கு உரிமம் பெற்றார். மாதங்கள் மணிகளாயின. வெண்மை மலிவானது, மலிவானதும், தேவையற்ற இடத்திலும் அதுவே விதியாயிற்று. சுத்தமும் வெண்மையும் இரு வேறு பண்புகள் என்பது மறக்கப்பட்டது.

அச்சேலை கடுஞ்சிவப்பைச் சீராக ஏற்றது. புள்ளிகள் நிறத்துள் மறைந்தன. ஆயினும் நொதியம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதென்று கூறுதல் பொருந்தாது. இளமஞ்சள் விரிப்புக்கான கோரிக்கை வந்தபோது வெளிற்றாமல் முடியவில்லை. மகன் அதற்கு ஐதரசன் பேரொட்சைட்டைப் பயன்படுத்தினான். எஞ்சிய பேரொட்சைட்டு சாயத்தைக் கெடுக்காதிருக்க, அதனை நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கும் கற்றலேசு என்னும் மற்றொரு நொதியம் வேண்டியிருந்தது. கரைந்த மாப்பொருள் கலந்த கழிவுநீரும் தீங்கற்றதன்று. அது தேங்கினால் நாறும். நொதியத்தின் விலையும் எரிசோடாவினதினும் அதிகம்.

எனினும் அவ்வளவிலே ஒரு வழக்கம் மாறியது. கடும் நிறங்களுக்கெனவும் இளநிறங்களுக்கெனவும் துணிகள் தனித்தனியே வைக்கப்பட்டன. முன்னையவற்றுக்கு எரிசோடாவும் இல்லை, வெளிற்றலும் இல்லை. கழிவுநீருக்குக் கிணற்றிலிருந்து விலகி வேலியோரத்திற் குழி தோண்டப்பட்டது. துணியை எவ்வளவு வெளுக்கலாம் என்று நெடுங்காலம் எண்ணிய கை, எவ்வளவு வெளுத்தாற் போதும் என்று எண்ணத் தொடங்கியது. நொதியம் அவ்வீட்டுக்குக் கொணர்ந்த பெரும்பயன் இவ்வெண்ணமே எனலாம்.

எரிசோடாத் தகரம் இன்னும் அடுப்படி மூலையில் இருக்கின்றது. அதனை எடுக்குமுன் மூதாட்டி இப்போது ஏற்றவிருக்கும் நிறம் எதுவென்று கேட்டுக்கொள்கின்றார்.