முகமூடி மேல் அடித்த பெயர்



கோயில் வேலை இல்லாத நேரத்தில் நான் தபால் தலை சேர்ப்பவன் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். ஆல்பத்தைப் புரட்டுறவங்க ஒரு பக்கம் வந்ததும் நின்னுடுவாங்க. "ஏன் இந்தப் பேய் முகத்தையெல்லாம் வீட்டுல வச்சிருக்கீங்க?"ன்னு கேட்பாங்க. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்றதை விட, இங்கேயே எழுதிடலாம்னு தோணுச்சு.

அது பேய் முகம் இல்லைங்க. பெல்ஜியம், தன் ஆட்சியில் இருந்த காங்கோவுக்காக 1947 முதல் வெளியிட்ட தபால் தலை வரிசை அது. அந்த மண்ணின் மக்கள் செய்த முகமூடிகளும் மரச்சிற்பங்களும்தான் படங்கள். அதில் ஒன்று குபா மக்களின் 'ங்காடி அம்வாஷ்'. அவங்களுடைய ஆதி மூதாதையின் சகோதரியும் மனைவியுமான பெண்ணின் முகம். சோழியும் பாசிமணியும் வைத்து அலங்கரிப்பாங்க. கண்ணுக்குக் கீழே கன்னத்தில் இறங்கும் கோடுகள் கண்ணீரைக் குறிக்கும். பெண் முகம்தான், ஆனால் ஆண்களே அதை அணிந்து ஆடுவாங்க. பெரியவங்க இறுதிச் சடங்குகளிலும் அது ஆடி வரும். வேடிக்கைக்குப் போடும் வேஷம் இல்லை.

1960 ஜூன் 30-இல் காங்கோ சுதந்திரம் அடைந்தது. பதினோரே நாளில், ஜூலை 11-இல், மொய்ஸ் ஷோம்பே தலைமையில் கட்டாங்கா மாநிலம் தனி நாடாகப் பிரிந்துபோனதாக அறிவித்தது. தனி நாடுன்னா தபால் தலை வேணுமே! பெல்ஜியக் காங்கோவின் பழைய தலைகளை எடுத்து, அதன் மேலேயே 'கட்டாங்கா'ன்னு அடிச்சு விட்டாங்க. முகமூடி வரிசையில் சிலதும் அதில் உண்டு. சிலவற்றில் விலையையும் மாற்றி அடிச்சாங்க. இதைத்தான் மேலச்சு என்கிறோம்.

நம்ம ஊருக்கு இது புதுசில்லை. 1867-இல் நீரிணைக் குடியேற்றங்களின் முதல் தபால் தலைகளே, இந்தியத் தலைகள் மேல் கிரீடமும் சென்ட் விலையும் அடிச்சதுதான். ஜப்பான்காரன் போனதும், 1945-இல் 'பி.எம்.ஏ. மலாயா' என்று அடிச்சதை வயசானவங்க பார்த்திருப்பீங்க.

கட்டாங்காவை எந்த நாடும் அங்கீகரிக்கவில்லை. 1963 ஜனவரியில் அது முடிவுக்கு வந்தது. காங்கோவுக்குப் போன ஐ.நா. படையில் மலாயா வீரர்களும் இருந்தாங்க.

இப்போ அந்தச் சின்னக் காகிதத்தைப் பாருங்க. சாமான்யமான ஒரு மக்கள் கூட்டம் பயபக்தியோடு செய்த முகம். அதன் மேல் முதலில் ஆண்டவன் பெயர், அப்புறம் பிரிந்தவன் பெயர். செய்தவங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த வலி நமக்குத் தெரியாததா? அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜர், ஆஸ்திரேலியாவின் கான்பெரா கலைக்கூடத்தில் காட்சிப் பொருளாக நின்றார். 2014-இல்தான் இந்தியாவிடம் திரும்பக் கொடுத்தாங்க. அன்றைக்கு நாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்!

காங்கோவுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. 2022 ஜூனில் பெல்ஜிய மன்னர் பிலிப் கின்ஷாசாவுக்குப் போய், சுக்கு மக்களின் 'கக்குங்கு' முகமூடியை அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார். பிள்ளைகளைப் பெரியவர்களாக்கும் சடங்கில் பயன்பட்டது அது. ஆனால் எப்படிக் கொடுத்தார் தெரியுமா? காலவரையற்ற கடனாக!

நம்ம நடராஜரை "கடனாகத் தருகிறோம், வைத்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொல்லியிருந்தால் நம்ம மனசு என்ன பாடுபட்டிருக்கும்?

அதனாலதான் அந்தப் பக்கத்தை நான் ஆல்பத்தில் இருந்து எடுக்கவில்லை. தைப்பூசத்தில் அலகு குத்தி வரும் பக்தரைப் பார்த்து, விவரம் தெரியாதவங்க ஏதாவது சொன்னால் நமக்குச் சுருக்குன்னு தைக்குது. அதே வார்த்தையை இன்னொருத்தர் வழிபாட்டுப் பொருள் மேல் நாம் வீசலாமா? காளியின் நீட்டிய நாக்கையும் முனீஸ்வரரின் உருட்டிய கண்ணையும் பார்த்து வளர்ந்தவங்க நாம். பயங்கர முகத்துக்குப் பின்னால் காவலும் கருணையும் இருக்கும்னு நமக்குச் சொல்லித் தரணுமா?

அருங்காட்சியகத்திலோ பழைய தபால் தலையிலோ இப்படி ஒரு முகத்தைப் பிள்ளைங்க காட்டினா, "பேய்"ன்னு சொல்லாதீங்க. "அது அவங்க முன்னோர், கும்பிடுற முகம்"னு சொல்லுங்க. அது போதும்.

திருச்சிற்றம்பலம் 🙏