குழலுக்குள் ஒரு ஊசி

ஊசி என்றால் பயப்படாதவர்கள் நம் வீடுகளில் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்! குழந்தை அழுவது இருக்கட்டும். குழந்தையைப் பிடித்துக்கொள்ள வந்த அப்பாவே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரே! ஆனால் சீனாவிலும் ஜப்பானிலும் பல நூற்றாண்டுகளாக ஊசி குத்துவதையே ஒரு வைத்தியமாகச் செய்து வருகிறார்கள். அதுதான் அக்குபங்சர்.

சென்ற வருஷம் எனக்குக் கழுத்து வலி வந்தது. நாள் முழுவதும் மேஜைமேல் குனிந்து எழுதுகிறவர்களுக்கு வருகிற வலிதான். முதலில் பார்த்த டாக்டர் மகா சுறுசுறுப்பு. நான் நாற்காலியில் உட்காருவதற்குள் மருந்துச் சீட்டைப் பாதி எழுதிவிட்டார்! பிறகு, ஒரு சிநேகிதி வற்புறுத்தியதன்பேரில், ஜப்பானிய முறையில் அக்குபங்சர் பயின்ற ஒரு அம்மாளிடம் போனேன்.

அவர் ஊசியைத் தொடவே இல்லை. "ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? தலையணை உயரமா? சாப்பிட்ட உடனே எழுத உட்காருவீர்களா?" என்று சாவகாசமாக விசாரித்தார். கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு என் கழுத்தை அங்குலம் அங்குலமாகத் தடவினார். "இங்கேதானே?" என்றார். நான் சொல்லாமலே அவர் விரல் வலியைக் கண்டுபிடித்துவிட்டது! பிறகு சிறு குழல் ஒன்றைத் தோல்மேல் வைத்து, ஒரு விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"எப்போது குத்துவீர்கள்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"குத்தியாகிவிட்டதே!" என்று சிரித்தார்.

அந்தக் குழலைப் பற்றி விசாரித்தபோதுதான் சுகியாமா வாயிச்சி என்ற மகானுபாவரின் சரித்திரம் தெரியவந்தது.

வாயிச்சி 1610-ல் ஜப்பானில் ஒரு சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் நோய் வந்து கண்பார்வை போய்விட்டது. வாள் பிடிக்க வேண்டிய பிள்ளை, பிழைப்புக்கு ஊசி வைத்தியம் கற்கலாமென்று எடோ நகருக்கு (இன்றைய டோக்கியோவுக்கு) வந்து, யாமாசே என்ற வைத்தியரிடம் சீடராகச் சேர்ந்தார். ஆனால் பாடம் மனசில் நிற்கவில்லை. கையிலும் லாகவம் வரவில்லை. "நீ இதற்கு லாயக்கில்லை" என்று குரு அனுப்பிவிட்டார்.

மனமுடைந்த வாயிச்சி எனோஷிமா என்ற தீவுக்குப் போனார். அங்கே குகையில் கோயில் கொண்டிருக்கும் தேவியின் பெயர் பென்சாய்ட்டன். யார் தெரியுமா அது? நம் சரஸ்வதி தேவிதான்! பௌத்த மதத்தோடு கடல் கடந்து போய், ஜப்பானியர் கையில் வீணைக்குப் பதில் பீவா என்ற வாத்தியத்தை வாங்கிக்கொண்டவள். அவள் சந்நிதியில் வாயிச்சி உபவாசம் இருந்தார். திரும்பும் வழியில் ஒரு கல் தடுக்கி விழுந்தபோது, ஏதோ சுருக்கென்று குத்தியது. தடவிப் பார்த்தால், சுருண்ட இலைக்குள் ஒரு பைன் மர ஊசியிலை! இப்படி ஒரு கதை சொல்கிறார்கள். அவர் தடுக்கி விழுந்த கல் இதுதான் என்று இன்றும் எனோஷிமாவில் காட்டுகிறார்கள்.

கதை எப்படியானாலும், குழல் நிஜம். அந்த நாளில் ஊசியை வெறும் கையால் செருகுவார்கள். அல்லது சின்னச் சுத்தியால் தட்டி இறக்குவார்கள். வாயிச்சியின் முறையில், ஊசியைவிடக் கொஞ்சம் குட்டையான குழலைத் தோல்மேல் அழுத்திவைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியின் தலையை விரலால் தட்டினால் போதும். குழல் அழுத்துகிற உணர்ச்சியில் ஊசி நுழைவது தெரிவதில்லை. கண் இல்லாதவருக்கும் கை தவறுவதில்லை.

பிறகு கியோட்டோவில் மேற்கொண்டு கற்று, எடோவுக்குத் திரும்பிப் பெயரெடுத்தார். தேசத்தை ஆண்ட ஷோகன் சுனயோஷிக்கே வைத்தியம் பார்த்தார். "என்ன வேண்டும், கேளும்" என்றாராம் ஷோகன். "ஒரு கண் வேண்டும்" என்றாராம் கிழவர். கண்ணை யார் கொடுக்க முடியும்? 1693-ல் 'ஹிடோட்சுமே' என்ற இடத்தில் நிலம் கொடுத்தார். அந்தச் சொல்லுக்கு 'முதலாவது' என்றும் பொருள், 'ஒற்றைக் கண்' என்றும் பொருள்! அடுத்த வருஷம் வாயிச்சி காலமானார். டோக்கியோவில் அந்த இடத்தில் அவர் பெயரால் ஒரு கோயில் இருக்கிறது.

ஆனால் அவர் செய்த பெரிய காரியம் வேறு. எழுபது வயதுக்குமேல், கண்ணில்லாதவர்களுக்கு ஊசி வைத்தியமும் உடம்பு பிடித்துவிடும் கலையும் கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார். பாரிஸ் நகரில் குருடர் பள்ளி தோன்றியது 1785-ல். இது அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முந்தியது. இன்றும் ஜப்பானில் பார்வையற்றோர் பள்ளிகளில் இந்தப் படிப்பு உண்டு. மூன்று வருஷம் பயின்று, சர்க்கார் பரீட்சை தேறித்தான் ஊசி எடுக்கலாம். உடற்கூறு, நோய்க்கூறு எல்லாம் படிக்க வேண்டும். ஆனாலும் முதன்மையான பாடம் விரல் நுனிதான். தோலின் சூடு, தசையின் இறுக்கம், நோயாளி மூச்சைப் பிடித்துக்கொள்வது எல்லாவற்றையும் கை கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் கழுத்து வலி என்ன ஆயிற்று என்பீர்கள். நாலு தடவை போனேன், குறைந்தது. ஊசி பாதி, புதுத் தலையணை பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்குபங்சர் சகல ரோக நிவாரணி அல்ல. நாள்பட்ட வலிகளில் ஓரளவு பயன் தெரிகிறது. ஆனால் பெயருக்கு ஊசி குத்திய பரிசோதனைகளிலும் பலருக்கு வலி குறைந்திருக்கிறது. ஆகையால் காய்ச்சலுக்கும் கட்டிக்கும் டாக்டரிடம்தான் போக வேண்டும். ஆனால், பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டு, தொட்டுப் பார்க்கிற மனுஷரிடமே பாதி மருந்து இருக்கிறது என்பதை எந்தப் பாட்டியும் ஒப்புக்கொள்வாள்.

இன்னொரு விஷயம், சகோதரிகளே! வாயிச்சியின் கையில் லாகவம் இருந்திருந்தால் குழலுக்கு அவசியமே வந்திராது. உங்கள் வீட்டிலும் 'மந்தம்' என்று பெயர் வாங்கிய பிள்ளை ஒன்று இருக்கலாம். பரீட்சை மார்க்கு வருகிற அன்று அவனை வாசலில் நிற்க வைக்காதீர்கள். உள்ளே கூப்பிட்டு, முதலில் சாதம் போடுங்கள்.