கையெழுத்துப் போட முன்னம்

விடுதியில இரவிரவா அமெரிக்கக் கோட் சீரியல் பார்த்துப் பார்த்து, எங்களுக்கு மிராண்டா எச்சரிக்கை மனப்பாடம். பேசாமல் இருக்க உரிமை இருக்கு, பேசினால் அது உனக்கு எதிராக வரும், சட்டத்தரணி வைக்கலாம். 1966இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு. ஆனால், எங்கட நாட்டில சந்தேகநபர் எப்போது எதிரி ஆகிறார், பிணையும் விடுதலையும் ஒண்டா எண்டு கேட்டால் முழிக்கிறோம்.

போன வருசம் எங்களில ஒருவன்ர அடையாள அட்டை துலைஞ்சது. பொலிசில முறைப்பாடு கொடுக்க எல்லாரும் துணைக்குப் போனோம். அவன் தமிழில் சொன்னான், அவர்கள் சிங்களத்தில் எழுதினார்கள். "இதில சைன் பண்ணுங்க தம்பி." பண்ணினான். நாங்களும் பார்த்துக்கொண்டு நிண்டோம். என்ன எழுதியிருந்தது எண்டு இண்டைக்கும் தெரியாது.

பிறகுதான் சிங்கராசா வழக்கை வாசித்தோம். 1993இல் மட்டக்களப்பில் நடந்த சுற்றிவளைப்பில் பிடிபட்டவர். அவருடைய குற்ற ஒப்புதல் சிங்களத்தில் இருந்தது. தனக்கு அந்த மொழி விளங்காது, வற்புறுத்திப் பெருவிரல் அடையாளம் எடுத்தார்கள் எண்டு அவர் சொன்னார். அந்த ஒப்புதலை மட்டும் வைத்து 1995இல் 50 வருடத் தண்டனை. மேன்முறையீட்டில் அது 35 ஆனது.

சாதாரண வழக்கில் பொலிசாரிடம் கொடுத்த ஒப்புதலை எதிரிக்கு எதிராகப் பாவிக்க ஏலாது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்தில் உள்ளவரிடம் சொன்னால் அது சாட்சியம். வற்புறுத்தி எடுத்தது எண்டால், அதை நிரூபிக்க வேண்டியதும் எதிரிதான். நிரூபிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுநருக்கு எண்டு படித்த பாடம் இதில் நிக்காது.

இது நியாயமான விசாரணை இல்லை எண்டு 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. 2006இல் எங்கட உயர் நீதிமன்றம், அந்தக் குழுவிடம் முறையிட வழிவிட்ட இணக்கமே அரசியலமைப்புக்கு முரண் எண்டு மனுவைத் தள்ளியது. 2022இல் சட்டத்தைத் திருத்தினபோதும் ஒப்புதல் பற்றிய பிரிவு அப்படியே இருந்தது.

எங்கட கையெழுத்து ஒரு அட்டைக்கானது, தப்பிவிட்டோம். ஆனால் பழக்கம் அதேதான்: விளங்காத தாளில், கேட்டவுடன் பேனையை எடுக்கிறது. தமிழும் அரசகரும மொழிதான். அடுத்த முறை துணைக்குப் போனால், "தமிழில எழுதித் தாங்கோ, வாசிச்சிட்டுப் போடுறம்" எண்டு சொல்லுவோம். சொல்லக் கொஞ்சம் பயமாத்தான் இருக்கும். எண்டாலும் சேர்ந்து நிண்டு சொல்லலாம்.