தாத்தாவின் பென்சில்

பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பது நம் தேசத்து உபாத்தியாயர்களுக்கு ஏற்ற பொழுதுபோக்கு அல்ல. சம்பளம் இடங்கொடாது, சம்பளம் இடங்கொடுத்தாலும் சட்டம் இடங்கொடாது. 1878-ல் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் வந்த ஆயுதச் சட்டம், வெள்ளைக்காரருக்கு விலக்கு அளித்துவிட்டு, இந்தியனை மட்டும் அனுமதிச் சீட்டுக்காகக் கச்சேரி வாசலில் நிற்கவைத்தது. சுதந்திரம் வந்த பின் 1959-ல் புதுச் சட்டம் பிறந்தது. பாரபட்சம் தொலைந்தது, கட்டுப்பாடு தொலையவில்லை. தொலைய வேண்டுமென்று நாமும் சொல்ல மாட்டோம். பரீட்சை முடிவு வெளியாகும் தினங்களில் பெற்றோர் கையில் துப்பாக்கி இல்லாதிருப்பது நம் போன்றவர்களுக்கு க்ஷேமந்தானே!

ஆயினும் அந்தப் பித்து நமக்கும் கொஞ்சம் உண்டு. அதற்குக் காரணம் ஒரு பென்சில்.

நம் பாட்டனார் 1943-ல் பட்டாளத்தில் லாரி ஓட்டியாகச் சேர்ந்தவர். திமாப்பூரிலிருந்து இம்பாலுக்கு மலைப்பாதையில் அரிசியும் பெட்ரோலும் ஏற்றிச் செல்வது அவர் உத்தியோகம். 1944 மார்ச் கடைசியில் ஜப்பானியர் அந்தப் பாதையைத் துண்டித்தார்கள். ஜூன் 22-ந் தேதி வரையில் அது திறக்கவில்லை. ஏறக்குறைய மூன்று மாத காலம் இம்பாலில் அகப்பட்டுக்கொண்டு, ஆகாய விமானம் கொண்டுவந்த அரைவயிற்று ரேஷனில் உயிர் பிழைத்துத் தாத்தா ஊர் திரும்பினார். கையோடு கொண்டுவந்தது ஒரே ஒரு வெற்றுத் தோட்டா. பித்தளைக் கூடு, அதன் வாயில் காகிதம் சுற்றிய துண்டுப் பென்சிலைச் செருகி, வரவு செலவுக் கணக்கு எழுதுவார். சுண்ணாம்பும் மையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, அது பித்தளையென்பதே பிற்காலத்தில் மறந்துபோயிற்று.

"யார் சுட்ட தோட்டா தாத்தா?" என்று சிறு வயதில் நாம் கேட்டதுண்டு.

"பாதையிலே கிடந்தது. எடுத்துண்டு வந்தேன்" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரரின் தம்பி ஒருவர் மலாயாவுக்குப் போனவர், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார், திரும்பி வரவில்லை. மணிப்பூர் எல்லையிலே போனார் என்று ஊரில் பேச்சு. அந்த வீட்டு வாசலில் ஆகஸ்டு பதினைந்தாந் தேதி கொடி ஏற்றுவார்கள். தாத்தா அன்று கொல்லைப்புறமாக வெளியே போய்வருவார். இதை நாம் கவனித்தது பிற்காலத்தில்தான்.

2019 ஜூன் மாதம் இம்பாலுக்கு அருகே செங்குன்றின் அடிவாரத்தில், ஜப்பானியர் உதவியுடன் ஒரு சமாதானப் பொருட்காட்சிசாலை திறக்கப்பட்டது. பத்திரிகையில் அதைப் படித்ததிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. அவ்வருஷம் பூஜை விடுமுறையில் புறப்பட்டுவிட்டோம். தாத்தாவின் பென்சிலையும், அவர் லாரி ஓட்டிய மண்ணை ஒருதரம் காட்டிவரலாமென்று, சட்டைப் பையில் செருகிக்கொண்டோம். புத்திசாலிகள் செய்யும் காரியமா இது?

விமான நிலையமொன்றில் சாமான்களைச் சோதிக்கும் யந்திரம் அலறிற்று. காவலர் பென்சிலை உருவித் தூர எறிந்துவிட்டுக் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டார். இது வெறும் கூடு, உள்ளே மருந்தில்லை, குண்டில்லை, எழுபத்தைந்து வருஷத்துப் பழசு என்று விளக்கினோம். சரித்திர பாடம் நடத்தும் பழக்கத்தால் கொஞ்சம் அதிகமாகவே விளக்கிவிட்டோம் போலும். இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து, "கூட்டை விட்டுவிட்டுப் போகிறீர்களா, அல்லது விமானத்தை விட்டுவிடுகிறீர்களா?" என்று கேட்டார்கள். கூட்டை விட்டோம். அவர் கடமையை அவர் செய்தார், குற்றம் நம்முடையது. ஆனாலும் விமானம் கிளம்பும்போது நமக்குத் தொண்டை அடைத்தது.

இம்பாலில் இறங்கி, திட்டிம் சாலை வழியாகச் செங்குன்றுக்குச் சென்றோம். 1944 மே மாதக் கடைசியில் ஜப்பானியர் அந்தச் சிறு குன்றைப் பிடித்துக்கொண்டு, ஏறக்குறைய எல்லாரும் மடியும்வரையில் போரிட்டார்கள். இன்று அங்கே மூங்கிலும் மௌனமுமாக இருக்கிறது. அப்பக்கத்து ஜனங்களுக்கு யுத்தச் சாமான் புதிதன்று. இரும்புத் தொப்பியில் தண்ணீர் மொண்டவர்களும், பீரங்கிக் குண்டின் கூட்டை மணியாகத் தொங்கவிட்டவர்களும் உண்டு. இன்னும் நிலத்தை வெட்டும்போது வெடிக்காத குண்டு அகப்படுவதும், பட்டாளத்தார் வந்து அதை அப்புறப்படுத்துவதும் நடக்கிற காரியங்கள். சில சமயம் எலும்பும் அகப்படும். எலும்பு கண்டால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுவதே வழக்கம் என்றார், தம் வீட்டு அறையொன்றில் இத்தகைய சாமான்களைச் சேர்த்து வைத்திருந்த ஒரு மணிப்பூரி நண்பர்.

அவர் அறையில் துரு தின்ற ஜப்பானியத் துப்பாக்கியின் இரும்புப் பாகம் ஒன்று இருந்தது. மரம் மக்கிப் போய்விட்டது. மேலே பதினாறு இதழ்ச் செவ்வந்திப் பூ ஒன்று மட்டும் அழியாமல் தெரிந்தது. அது ஜப்பானியச் சக்கரவர்த்தியின் சின்னம். யுத்தம் முடிந்து சரணடைந்தபோது ஒப்படைத்த துப்பாக்கிகளில் அநேகமாக அந்தப் பூவை அராவி எடுத்துவிட்டார்கள். பூ முழுசாக இருந்தால் பெரும்பாலும் அது போர்க்களத்திலே விழுந்த துப்பாக்கி. '99-ம் மாதிரி' என்று அதற்குப் பெயர். ஜப்பானியர் தங்கள் ராஜவம்ச சகாப்தப்படி 2599 என்று கணக்கிட்ட ஆண்டு, நமக்கு 1939. ஒரு துருப்பிடித்த குழாயில் எவ்வளவு சரித்திரம்! நாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம்.

பிறகு அவர் ஒரு டப்பாவிலிருந்து 'த்ரீ நாட் த்ரீ' கூடுகளைக் கொட்டினார். ஒன்றைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். நடுவில் ஊசி குத்திய வடு. சுற்றிலும் 'கே', 'எப்' என்ற எழுத்துக்கள். பூனாவுக்கு அருகேயுள்ள கிர்க்கித் தொழிற்சாலை முத்திரை. பக்கத்தில் இரண்டு இலக்கங்கள், செய்த வருஷம்.

"இதில் 43 என்று இருக்கிறது, மாஸ்டர். இது பிரிட்டிஷ் பக்கத்துத் தோட்டா என்று சொல்லலாம். 40, 41 என்றிருந்தால் சொல்வது கஷ்டம்" என்றார்.

"ஏன்?"

"1942-ல் சிங்கப்பூர் விழுந்தபோது, அங்கிருந்த துப்பாக்கிகளும் தோட்டாக்களும் ஜப்பானியர் கைக்குப் போயின. இந்திய தேசிய ராணுவத்தாருக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி அந்த ஆயுதங்கள்தாம். இரு பக்கத்து இந்தியரும் ஒரே துப்பாக்கியால் சுட்டார்கள்."

நமக்கு உடம்பு சில்லிட்டது. நாற்பது வருஷம் நம் வீட்டு மாடத்தில் கிடந்த கூட்டை, ஒரு நாளாவது புளி போட்டுத் தேய்த்து, அடிப்பக்கத்தைப் பார்த்தோமா? பி. ஏ. பட்டம் பெற்றோம், சரித்திரம் போதித்தோம், பிசுக்கைத் துடைக்கவில்லை. பார்க்கத் தெரிந்த தினத்தில் பண்டம் கையில் இல்லை.

மறுநாள் மொய்ராங்குக்குப் போனோம். 1944 ஏப்ரல் 14-ந் தேதி இந்திய தேசிய ராணுவத்தின் கர்னல் மாலிக் மூவர்ணக் கொடியை ஏற்றிய இடம் அது. எதிர்வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம். தாத்தாவையும் நினைத்துக்கொண்டோம்.

ஊர் திரும்பி விஷயத்தைச் சொன்னதும், இல்லத்தரசி நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே பெரிய தண்டனையாக இருந்தது. இரண்டு நாள் கழித்து நம் தமக்கையார் வந்தவர், "ஏண்டா, நாம ரெண்டு பேரும் தாத்தா கணக்கு நோட்டிலே தபாலாபீஸ் விளையாடி அடி வாங்கினோமே, ஞாபகம் இல்லையா? அந்தப் பென்சில் மூடியைத்தானே மையிலே தோய்த்து முத்திரை குத்தினோம்?" என்றார்.

பரணைக் குடைந்தோம். செல்லரித்த நோட்டுகளுக்கு நடுவே அது இருந்தது. உளுந்து, வெல்லம், வண்ணான் கூலி என்ற வரிகளின்மேல் ஏழெட்டு ஊதா வட்டங்கள். எழுத்துக்கள் இடம் வலம் மாறியிருந்தன. நம் குமாரி நிலைக்கண்ணாடி முன்னே நோட்டைப் பிடித்தாள். 'கே' தெரிந்தது. 'எப்' தெரிந்தது. நாலு என்ற இலக்கமும் தெளிவாகத் தெரிந்தது.

அதற்கு அடுத்த இலக்கத்தை அவள் மூன்று என்கிறாள். நம் தமக்கையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுப் பூஜ்யம் என்கிறார். நோட்டு மேஜைமேல் விரித்தபடியே இருக்கிறது.