முக்கடல் கரையில் சிதறிய நீலம்

கன்னியாகுமரியில் பொழுது விடியும்போது கரையில் நிற்கிற அத்தனை பேரும் கிழக்கே பார்க்கிறார்கள். கோவையிலிருந்து எங்களோடு வந்திருந்த அக்கா மகளும் பார்த்தாள்.

"மாமா, மத்தியானம் வெள்ளையாத்தானே இருக்கும்? இப்ப ஏன் சூரியன் செவப்பா இருக்கு?"

வெயிலுக்குள் வானவில்லின் எல்லா நிறமும் கலந்துதான் இருக்கிறது என்றேன். காற்றின் மூலக்கூறுகள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவை. வெளிச்சம் அவற்றில் படும்போது நீலம் நாலாபக்கமும் சிதறும். சிவப்பு அவ்வளவாகச் சிதறாமல் நேரே வந்துவிடும். உச்சிவெயில் கடக்கிற காற்றைப்போல 30 மடங்குக்கும் மேலான காற்றை விடிகாலை வெளிச்சம் கடந்து வருகிறது. வந்து சேர்வதற்குள் நீலம் தீர்ந்துபோகிறது.

"அந்த நீலம் எங்க போச்சு?"

எவ்வளவு அருமையான கேள்வி! நமக்குக் கிழக்கே சுமார் 250 கிலோமீட்டரில் இலங்கை இருக்கிறது. அங்கே சில நிமிடம் முன்பே விடிந்தாயிற்று. எங்கள் கண்ணில் பட்ட வெளிச்சம் அந்தத் தீவுக்கு மேலாகத்தான் வந்தது. வழியில் அது இழந்த நீலம், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலை வானமாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் கடலும் நீலமாயிற்று. அது வானத்தின் பிம்பம் மட்டுமே என்று பெரிய விஞ்ஞானிகளே நம்பிய காலம் உண்டு. 1921-இல் கப்பலில் ஐரோப்பாவுக்குப் போய்வந்த சி.வி. ராமன், மத்தியதரைக் கடலின் நீலத்தில் மனம் பறிகொடுத்தார். தண்ணீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். தண்ணீர் சிவப்பை உறிஞ்சிக்கொள்வதும் நீலத்துக்குக் காரணம். சிதறலை விடாமல் ஆராய்ந்தவருக்கு 1928 பிப்ரவரி 28-இல் 'ராமன் விளைவு' பிடிபட்டது. 1930-இல் நோபல் பரிசும் வந்தது. நம் திருச்சியில் பிறந்தவர்!

அலை விட்டுப்போன நுரையை அவள் உள்ளங்கையில் அள்ளி வைத்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. குமிழிகள் ஒவ்வொன்றாக உடைய உடைய, நிறமே இல்லாத தண்ணீர்தான் மிஞ்சியது. குமிழிகள் மூலக்கூறுகளைவிட மிகமிகப் பெரியவை. எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிப்பதால் நுரை வெள்ளை. மேகம் வெண்மையாக இருப்பதும் இப்படித்தான்.

சங்குக் கடையில் ஓர் அம்மா, "காதுல வச்சுப் பாரு மக்களே, கடல் கேக்கும்" என்று பெரிய சங்கொன்றை நீட்டினார். கேட்டது. அதை வாங்கிக்கொண்டு விடுதிக்கு வந்து, ஜன்னலை அடைத்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கேட்கச் சொன்னேன். இரைச்சல் வெகுவாக அடங்கிவிட்டது. சுற்றியிருக்கும் ஓசைகள் சங்கின் வளைவுக்குள் மோதி மோதித் திரும்ப, அவற்றில் சில மட்டும் பெருகி நம் காதுக்கு வருகின்றன. வெளியே ஓசை இல்லையென்றால் சங்கிலும் கடல் இல்லை. அவள் ஜன்னலைத் திறந்தும் மூடியும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சித்திரா பௌர்ணமி மாலையில் இதே ஊரில் மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா எழும். எழுகிற நிலாவும், காற்று நீலத்தைச் சிதறடித்துவிடுவதால், சிவந்துதான் இருக்கும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். அவர்கள் கேட்கிற கேள்வி எதையும் தள்ளிவிடாதீர்கள்.