ஈரம் இழுக்கும் பெட்டி

டிசம்பர் 20, 2023

ஈரநீக்கியும் குளிர்சாதனப் பெட்டியும் வேலை செய்யும் விதம் ஒன்றே. கம்ப்ரஸர் வாயுவை அழுத்திச் சுற்றவிடும்போது ஒரு காயில் குளிர்கிறது, மற்றொன்று சூடாகிறது. குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, அறைக் காற்றின் ஈரம் முதல் காயிலில் துளித்துத் தொட்டியில் விழும். உலர்ந்த காற்று சூடான காயிலைக் கடந்து அறைக்கே திரும்பும். எனவே அறை குளிராது, சற்றுச் சூடாகும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு இன்று வந்த பெட்டி, ராஜபாளையத்துப் பழைய இரும்புக்கடையில் எடைபோட்டு வாங்கியது. முன்பு சிவகாசி அச்சகம் ஒன்றில் இருந்ததாம். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை இங்கும் விடவில்லை. பின்னறைச் சுவர் ஊறி, அலமாரியிலிருந்த நோட்டுகளில் பூஞ்சை படர்ந்துவிட்டது. அவற்றை எழுதியவர் இந்த ஆவணியில் காலமான வீட்டுப் பெரியவர். ராஜபாளையம் நூற்பாலை ஒன்றின் ஹியூமிடிட்டி பிளாண்டில் ஃபிட்டராக இருந்தவர்.

டிசம்பர் 21

படுக்கவைத்து ஏற்றிவந்த பெட்டியை உடனே ஓட்டக்கூடாது. கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும். ஒரு நாள் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

டிசம்பர் 22

விசிறி சுற்றுகிறது, கம்ப்ரஸர் அசையவில்லை. காலித் தொட்டிக்கு ‘நிறைந்தது’ விளக்கு எரிகிறது. தொட்டி மிதவையில் சிறு காந்தம் இருக்கும்; அது சுவிட்சுக்கு எதிரே நின்றால்தான் மின்சாரம் போகும். இதில் காந்தமே இல்லை. அலமாரிக் கதவின் காந்தத்தை வெட்டி ஒட்டியதும் விளக்கு அணைந்தது. ஆனால் கம்ப்ரஸர் சில நொடி உறுமிவிட்டு ‘டிக்’ என்று நின்றது. உறுமி நின்றால் முதலில் கெபாசிட்டரைச் சந்தேகிக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதை வெளியேற்றாமல் தொடுவது ஆபத்து. 20 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது 7 காட்டியது.

டிசம்பர் 26

புதுக் கெபாசிட்டர். ஒரு மணி நேரத்தில் அரை டம்ளர் தண்ணீர். வீட்டில் எல்லோரும் வந்து பார்த்தார்கள்.

டிசம்பர் 28

சுவர் சொதசொதவென்றிருக்க, ‘45 சதவீதம்’ என்று காட்டிப் பெட்டி தானாக நின்றுவிட்டது. உணரி பொய் சொல்கிறதா என்று தெரிய இன்னொரு அளவு வேண்டும்.

அந்த அளவு நோட்டுகளில் இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் இரண்டு எண்கள்: ட்ரை பல்ப், வெட் பல்ப். ஒரே மாதிரி இரு வெப்பமானிகளில் ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்று படவிட்டால், துணியின் நீர் ஆவியாகி அந்தக் குமிழ் குளிரும். காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு இறக்கம். ஒரு நோட்டின் கடைசி அட்டையில் அட்டவணை முழுவதும் கையால் எழுதியிருந்தது. பின்னறையில் உலர் குமிழ் 27, ஈரக் குமிழ் 24.5 டிகிரி, அதாவது சுமார் 81 சதவீதம். உணரியின் மேல் அச்சகத்துக் காகிதத் தூசு கனமாக அப்பியிருந்தது. துடைத்தபின் 70 காட்டியது. மீதி வித்தியாசத்தை அட்டவணை சரிக்கட்டும்.

அன்று மாலை வேறு வேலை எதுவும் நடக்கவில்லை. நோட்டுகள் ஒவ்வொன்றாகப் புரட்டப்பட்டன.

டிசம்பர் 29

நூற்பாலைக்கு வேண்டியது இந்தப் பெட்டியின் வேலைக்கு நேர் எதிர். பஞ்சு காய்ந்தால் நூல் அறும், மின்னேற்றம் கூடிப் பஞ்சு பறக்கும். அதனால் நூற்புப் பிரிவில் 55 முதல் 60 சதவீதம் ஈரப்பதம் இருக்கும்படி தண்ணீர் தெளித்த காற்றைச் செலுத்துகிறார்கள். அமெரிக்காவிலும் இரண்டும் அருகருகே தோன்றியவை. 1902இல் புரூக்ளின் அச்சகம் ஒன்றில் காகிதம் ஊறிச் சுருங்கி வண்ணம் விலகியதால் வில்லிஸ் கேரியர் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பை வடிவமைத்தார். பஞ்சாலைகளுக்கு ஈரமூட்டிக்கொண்டிருந்த ஸ்டூவர்ட் கிரேமர் 1906இல் ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார். ராஜபாளையத்தில் ஈரமூட்டத் தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார்கள். ஈரம் இழுக்கும் பெட்டியைத் திறந்து பார்க்கத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது.

ஜனவரி 3, 2024

ஓர் இரவில் 2 லிட்டர். நீளம், அகலம், உயரம் பத்துப் பத்தடி உள்ள மூடிய அறையின் காற்றில், 27 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் இருந்தாலும், மொத்த நீர் அரை லிட்டருக்குச் சற்று மேல்தான். அதை 60 சதவீதத்துக்கு இறக்கினால் ஒரு டம்ளர்கூடத் தேறாது. மற்றதெல்லாம் சுவரும் நோட்டுகளும் விட்ட நீர், ஜன்னல் இடுக்கில் நுழைந்த நீர். இடுக்குகளைத் துணியால் அடைத்த பிறகுதான் கணக்கு குறையத் தொடங்கும்.

ஜனவரி 7

காயிலில் பனி.

ஜனவரி 8

27 டிகிரி அறையில் பனி பிடிக்கக் கூடாது. காயில் முழுக்கப் பிடித்தால் காற்றோட்டக் குறை: ஃபில்டரைக் கழுவ வேண்டும், விசிறியைப் பார்க்க வேண்டும். முதல் சில வளையங்களில் மட்டும் பிடித்து மற்றவை காய்ந்திருந்தால் வாயு குறைவு. இங்கே மூன்று வளையங்கள் மட்டும் வெள்ளை. ராஜபாளையத்திலிருந்து வந்த ஏ.சி. மெக்கானிக் சோப்பு நுரை தடவி, வளைவு ஒன்றில் குமிழி கண்டார். “கேஸ் ஏத்தலாம் அண்ணாச்சி. ஓட்டைய அடைக்காம ஏத்துனா ரெண்டு மாசத்துல திரும்ப இதே கததான்.” சின்னப் பெட்டிகளில் வாயு ஏற்ற வால்வு இருக்காது, குழாயை அறுத்துப் பற்றவைக்க வேண்டும். அதற்கு அவர் சொன்ன தொகை பெட்டியின் விலையைவிட அதிகம். பதில் சொல்லாமல் காபி மட்டும் கொடுத்து அனுப்பப்பட்டது.

ஜனவரி 11

ஒரு மணி ஓட்டம், பனி கரைய ஒரு மணி ஓய்வு. உலர் குமிழ் 28, ஈரக் குமிழ் 23: 65 சதவீதம். பூஞ்சை அடங்க 60க்குக் கீழே வர வேண்டும். காய்ந்த நோட்டுகள் கொடியிலிருந்து இறங்கிவிட்டன. 1987ஆம் ஆண்டு நோட்டு இன்னும் ஈரம். பக்கங்களைப் பிரித்தால் மை வருகிறது.