நாத்தனாரைப் பார்க்கப் போன மாமி

ஏ9 வீதி என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது ஓமந்தையும் முகமாலையும்தான். அந்த இடங்களில் எத்தனை தரம் பையைத் திறந்து காட்டியிருப்போம்! ஆனால் அந்த வீதியின் ஒரு முனை யாழ்ப்பாணம் என்றால் மறுமுனை கண்டி என்பதை எம்மில் பலர் யோசிப்பதில்லை. 2025 ஏப்ரலில், வருடப்பிறப்பு கழிந்த கையோடு, கணவர், மகள், மாமி ஆகியோருடன் கிளிநொச்சியிலிருந்து அந்த முனைக்கும் அதற்கு அப்பாலும் போய் வந்தேன்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் கணவரின் அத்தை இருக்கிறார். அவர் மாமாவின் தங்கை. மாமிக்கு நாத்தனார், எங்கள் பக்கத்துப் பேச்சில் மச்சாள். இருவரும் கடைசியாகச் சந்தித்தது 2003 இல், பாதை திறந்திருந்த சமாதான காலத்தில். மாமிக்கு இப்போது 64 வயது. முழங்கால் வலி. "இந்த வருசம் போகாட்டி இனிப் போகமாட்டன்" என்று அவரே சொன்ன பிறகு நாம் தாமதிக்கவில்லை.

விடியற்காலை பஸ் ஏறினோம். மாமியின் மடியில் ஒரு உரப்பை. அதற்குள் உழுந்து, பயறு, ஒடியல், வீட்டு முருங்கைக்காய் ஒரு கட்டு. "மலையில முருங்கை காய்க்காது, குளிரு" என்றார்.

மதவாச்சி தாண்டியதும் கணவர் மகளுக்கு வெளியே காட்டிக் கதை சொல்லத் தொடங்கினார். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கிய கூலித் தொழிலாளர்கள், மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை காட்டுப் பாதையில் நடந்தே போனார்கள். பசியாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 2023 இல் மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு 16 நாள் நடைபயணம் நடந்ததை நீங்கள் அறிந்திருப்பீர்கள். மகள் கேட்டாள்: "அப்பம்மாவும் நடந்தோ வந்தவா?"

"நான் லொறியில. அதுவும் மற்றப் பக்கமா" என்றார் மாமி.

1977 ஆகஸ்ட் கலவரத்தின்போது மாமிக்குப் பதினாறு வயது. கம்பளைப் பக்கத் தோட்டத்தில் அவர்களது லயத்துக்குத் தீ வைத்தார்கள். கோயிலில் சில நாள், பள்ளிக்கூடத்தில் சில நாள் என்றிருந்து, பிறகு லொறியில் வவுனியாவுக்கு வந்தார்கள். அந்த நாட்களில் காந்தியம் அமைப்பும் வேறு சிலரும் இப்படி வந்தவர்களுக்குக் குடியேற்றங்கள் அமைத்தார்கள். அங்கிருந்து கிளிநொச்சி. காடு வெட்டி, கிணறு தோண்டி, அடுத்த குடிசையிலிருந்த மாமாவைக் கல்யாணம் செய்தார். முன்னோர் தெற்கே நடந்த பாதையில் பேத்தி வடக்கே ஓடி வந்திருக்கிறார்.

மாமாவின் குடும்பம் மூன்றாகப் பிரிந்தது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி மூத்த அண்ணன் இந்தியா போனார். இப்போது அவரது பிள்ளைகள் நீலகிரியில். மாமா வன்னிக்கு வந்தார். பொகவந்தலாவைக்கு வாழ்க்கைப்பட்டிருந்த தங்கை மட்டும் மலையில் நின்றுவிட்டார்.

கண்டியில் பஸ் மாறினோம். பேராதனையில் நான்கு வருடம் சமூகவியல் படித்தவள் நான். தோட்டத்து மக்கள் எங்கள் விரிவுரைகளில் வீதங்களாகவும் அட்டவணைகளாகவும் வந்து போனார்கள். இரண்டு மூன்று மணி நேரத் தூரத்தில் இருந்த ஒரு லயத்தையும் அந்தப் பாடம் எமக்குக் காட்டவில்லை.

கம்பளையைத் தாண்டும்போது மாமி யன்னல் கம்பியைப் பிடித்தபடி எழுந்து நின்றார். ஒரு மலையைக் காட்டினார். "அந்தா, அந்த மடிப்புக்குப் பின்னால." எமக்குத் தெரிந்தது தேயிலைப் பச்சையும் ஒரு வெள்ளைத் தண்ணீர்த் தாங்கியும்தான். இறங்குவோமா என்று கணவர் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கவனித்தேன், மாமியின் பேச்சு மாறிவிட்டது. "வாங்கோ" போய் "வாங்க" வந்தது. "எண்டு" போய் "ன்னு" வந்தது. நாற்பத்தெட்டு வருடமாக எங்கள் நடுவில் மடித்து வைத்திருந்த பேச்சு.

ஏன் மடித்து வைத்தார் என்பது எனக்குத் தெரியும். "தோட்டக்காட்டார்" என்ற சொல்லைத் தான் முதன்முதலாகக் கேட்டது வன்னியில்தான் என்று மாமி சொல்வார். என் கல்யாணப் பேச்சின்போது எங்கள் வீட்டு விறாந்தையிலும் அந்தச் சொல் வந்தது. மாமி அதை அறிவார். இன்றுவரை என்னிடம் அதுபற்றிக் கேட்டதில்லை.

நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று பாதை சுற்றிச் சுற்றி ஏறியது. மகள் இருமுறை சத்தி எடுத்தாள். ஹட்டனில் மழை. டிக்கோயா தாண்டிக் காசல்ரீ நீர்த்தேக்கம் புகாரில் பாதி மறைந்து கிடந்தது. நோர்வூட்டைக் கடந்து தோட்டத்துச் சந்தியில் இறங்கும்போது இருட்டிவிட்டது.

அத்தை டோர்ச்சுடன் நின்றிருந்தார். நாங்கள் எதிர்பார்த்த அழுகை ஒன்றும் நடக்கவில்லை. மாமியின் நெற்றியில் வெளிச்சத்தைப் பிடித்துச் சற்று நேரம் பார்த்தார். மாமி பொட்டு வைத்திருந்தார். "வாங்க மதினி, அட்டை இருக்கும், பாத்து வாங்க" என்று உரப்பையை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தார்.

அது வெள்ளைக்காரன் காலத்து லயம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா ஒன்று, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் பலகையடித்த அடுப்படி. அதற்குள் ஆறு பேர், எங்களோடு பத்து. சுடச்சுடத் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாயத் தண்ணியும் தந்தார்கள். காம்பிராவை எங்களுக்கு ஒழித்துத் தந்துவிட்டு அத்தையின் மகளும் பிள்ளைகளும் பக்கத்து வீட்டில் படுத்தார்கள்.

காலையில் அத்தையின் மகளோடு மலைக்குப் போனேன். இடுப்பில் படங்கு, தலையில் கூடைக் கயிறு. அந்தத் தோட்டத்தில் 18 கிலோ பறித்தால்தான் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். அப்போது நாட்சம்பளம் 1,350 ரூபா. "கொழுந்து இருந்தா எடுக்கலாம். புல்லு வெட்டாத மலையில எங்கப் போயி எடுக்கிறது?" என்றார். அட்டைக்குச் சவர்க்காரம் பூசிய கால்கள். சேற்றில் சரியாத ஊன்றல். வன்னியில் வயலில் நிற்கும் எம் பெண்களுக்கு அந்த இடுப்பு வலியை விளக்கத் தேவையில்லை.

மத்தியானம் திரும்பியபோது மாமியும் அத்தையும் இஸ்தோப்பில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அத்தை கேட்டார், "அண்ணனுக்குக் கருமாதி செஞ்சீங்களா மதினி?"

2009 மே மாதம், முள்ளிவாய்க்காலில், தண்ணீர் எடுக்கப் போன மாமா திரும்பவில்லை. உடலைக் கண்டவர் எவருமில்லை. மாமி மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை. எத்தனை பேர் சொல்லியும் எடுக்கவில்லை.

"செய்யேல்ல" என்றார் மாமி, வன்னிப் பேச்சில்.

"நான் செஞ்சிட்டேன். மூணு வருசம் பாத்துட்டு, மாரியம்மன் கோயில் ஆத்துல. கோவிக்காதீங்க. எனக்கு ஒரு நாளு வேணும்னு இருந்திச்சு."

மாமி கோபிக்கவில்லை. நறுக்கிய காய்களைத் தண்ணீரில் போட்டார். வெகுநேரம் கழித்து, "எனக்கு வேணாம்னு இருந்திச்சு" என்றார்.

பேச்சை மாற்றியவள் அத்தையின் பேத்தி. உயர்தரம் எழுதிவிட்டு இருப்பவள். வன்னியில் காணி கிடைக்குமா என்று கேட்டாள். தோட்டத்தில் 7 பேர்ச் காணியில் வீடு என்று பல வருடமாகச் சொல்கிறார்கள். அவர்களது லயத்துக்கு இன்னும் வரவில்லை. "அப்பாயிக்கு ஒரு ஏக்கர் இருக்காமே?" என்றாள்.

இருக்கிறது. ஆனால் அனுமதிப்பத்திரம் மாமாவின் பெயரில். 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டது. அந்தச் சட்டத்தில் பிள்ளைகளுள் ஆண்களுக்கு முன்னுரிமை தந்த வாரிசு வரிசை 2022 இல் திருத்தப்பட்டது நல்லதே. ஆனால் மனைவி பெயருக்கு மாற்ற வேண்டுமானால் கணவர் இறந்தார் என்று காட்ட வேண்டும். காட்டமாட்டேன் என்பவளுக்குக் காணி இருந்தும் இல்லாததுபோலத்தான்.

இறந்தார் என்று சொல்லாமல், காணப்படவில்லை என்று மட்டும் பதிந்து கொடுக்கும் சான்றிதழ் ஒன்று 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி இருக்கிறது. அவர் திரும்பி வந்தால் அதை இரத்துச் செய்யலாம். அதைக் கொண்டு காணி, வங்கிக் கணக்கு, கொடுப்பனவு ஆகியவற்றில் என்ன செய்யலாம் என்று பிரதேச செயலகத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். என் வேலையே இதை மற்றப் பெண்களுக்கு விளங்கப்படுத்துவது. வீட்டில் மாமிக்கும் பலமுறை சொல்லியிருக்கிறேன். மருமகள் சொன்னால் அது அலுவலகப் பேச்சு.

அத்தை அதை ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டார். "செத்துட்டாருன்னு எழுத மாட்டாங்கல்ல? அப்ப எடுங்க. அண்ணன் வெட்டுன காடு அது. அவரு வர்றப்ப எடம் இருக்க வேணாமா?"

மாமியிடமிருந்து பதில் இல்லை. திரும்பும் பஸ்ஸில், கினிகத்தேனை வளைவுகளில், திடீரென்று என்னிடம் கேட்டார்: "அந்தத் தாளில என்ன சொல்லு போடுவினம்?" சொன்னேன். கம்பளை வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தார். அந்த மலை வந்தபோது இம்முறை எழுந்து நிற்கவில்லை.

ஜூன் மாதம் விண்ணப்பம் கொடுத்தோம். பொட்டு இருக்கிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது அத்தையின் லயத்துக்கு மேலே மண் வெடித்து, எல்லோரும் பாடசாலையில் தங்கியிருந்தார்கள். நான்கு நாள் தொலைபேசி கிடைக்கவில்லை. கிடைத்த அன்று மாமி அழுதுகொண்டே, "எல்லாரும் இங்க வந்திருங்க, எடமிருக்கு" என்றார். அத்தை அங்கிருந்து கேட்டது எனக்கும் கேட்டது:

"காணி ஒங்க பேருக்கு வந்திருச்சா மதினி?"